நேராக்கிய கை

பிரவீணா என்னிடம் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். இப்போது அவனியாபுரத்தில் சொந்தமாக பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறாள். போன மாதம், புதிதாகச் சேர்ந்த நான்கு பிள்ளைகளிடம் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று என்னை அழைத்தாள். ஓய்வுபெற்று மூன்று வருடம் ஆன எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இருப்பதில் நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு ஸ்டாண்டில் போனை மாட்டி வைத்திருந்தார்கள். அதன் முன்னால் ஒருவர் உட்கார்ந்து எழுந்தால், அதாவது ஸ்குவாட் செய்தால், உடம்பின் மேல் திரையில் கோடுகள் விழுகின்றன. இரண்டு பக்கமும் சமமாக இறங்கினால் பச்சைக் கோடு. ஒரு பக்கம் சாய்ந்தால் சிவப்பு. சிவப்பு வந்ததும், வலது பக்கம் நகரவும், இடது பக்கம் நகரவும் என்று போனே சொல்கிறது. அந்த நான்கு பேரில் ஒரு பையன், பத்து சிட்டிங்கில் யாராக இருந்தாலும் பச்சைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றான். வலிக்கிறது என்பதால் ஒருத்தி சாய்ந்தால் இது என்ன செய்யும் என்று கேட்டேன். அதையெல்லாம் ஆப் கேட்காது என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

அவனைத் திட்டிவிட்டேன். பத்து நிமிடம் பேச வந்தவள் முக்கால் மணி நேரம் திட்டினேன். டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. வாசலில் ஆட்டோ ஏறும்போது பிரவீணா வந்து நின்றாள். “நீங்க திட்டுனதுல தப்பில்ல மேடம். ஆனா எதுக்குத் திட்டுனீங்கன்னு அதுகளுக்குப் புரியல. அவ பேர நீங்க சொல்லவே இல்லையே” என்றாள்.

அவள் பெயர் பாண்டிச்செல்வி. கோபமில்லாமல் எழுதினால் நன்றாக இருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு அப்படி எழுத வராது.

நான் படித்த காலத்தில் பிசியோதெரபி என்றால் வீட்டில் யாருக்கும் விளங்காது. கால் அமுக்கி விடுகிற வேலையா என்று பெரியப்பா கேட்டார். நாலரை வருடப் படிப்பில் எலும்புகளின் பெயரும் தசைகளின் பெயரும் மனப்பாடம் செய்தேன். நோயாளி ஒருவரைத் தொட்டுப் பார்த்தது கடைசி ஆறு மாதம்தான். படிப்பு முடிந்து, நகரின் தெற்குப் பக்கம் இருந்த ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். முப்பத்து மூன்று வருடம் அங்கேதான். எனக்கு அங்கே மேலதிகாரியாக இருந்தவர் தங்கராஜ் சார்.

தங்கராஜ் சார் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட். மேசை நாற்காலி இருந்தும், ஒரு முழ உயரத்துக்கு மரத்தில் செய்த குட்டை ஸ்டூலில்தான் உட்காருவார். நோயாளியின் முழங்கால் அவர் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். நோயாளி உள்ளே வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவதிலிருந்தே பார்க்கத் தொடங்கிவிடுவார். எந்தக் காலில் நின்று எந்தச் செருப்பைக் கழற்றுகிறார்கள், பெஞ்சில் உட்காரும்போது எந்தக் கையை ஊன்றுகிறார்கள், எல்லாம் அவர் கணக்கில் வரும். கால் வலியென்று வந்தவரிடம் உடனே காலைக் காட்டுங்கள் என்று சொன்னது கிடையாது.

ஸ்குவாட் பார்ப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. ஜன்னல் கம்பியிலிருந்து ஒரு வெள்ளை நூல் தொங்கும். அதன் நுனியில் கொத்தனார்கள் சுவருக்குப் பிடிக்கிற குண்டு. நோயாளி அந்த நூலுக்கு முன்னால் வெறுங்காலோடு திரும்பி நிற்க வேண்டும். பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் தரையில் கோடு போடுவார். கீழ்முதுகில் இரண்டு பக்கமும் இருக்கிற குழிகளின் மேல் இரண்டு ஒட்டுப் பொட்டு வைப்போம். பெண்களுக்கு வைப்பது என் வேலை. பிறகு, எப்படிச் செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், ஐந்து தடவை உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்வார். சொல்லிக் கொடுத்தால் நமக்குப் பிடித்த மாதிரி செய்துகாட்டிவிடுவார்கள். அவர்களுடைய கோணல் நமக்குத் தெரியாது என்பார். நூலிலிருந்து இரண்டு பொட்டும் எந்தப் பக்கம் விலகுகின்றன என்று நான் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகுதான் ஏன் என்ற கேள்வி. குதிகாலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வைப்பார். பலகை மேல் நின்றதும் சாய்வு போய்விட்டால் கோளாறு கணுக்காலில். கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்காரச் சொல்வார். பிடிமானம் கிடைத்ததும் நேராகிவிட்டால் தசையில் பலமில்லை. படுக்கவைத்து இரண்டு காலையும் இஞ்ச் டேப்பால் அளப்பார். இடுப்பு மூட்டை உள்பக்கமும் வெளிப்பக்கமும் திருப்பிப் பார்ப்பார். கடைசியாக, ஒற்றைக் காலில் ஒரு குதி. இத்தனையும் முடியாமல் யாரையும் நேராக நில் என்று சொல்லக்கூடாது என்பது அவர் கட்டளை.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஒருவர் வந்தார். உட்கார்ந்தால் உடம்பு முழுக்க இடது பக்கம் ஒதுங்கும். ஏதோ ஜிம்மில் ஒரு மாதம் கண்ணாடி முன்னால் நிறுத்தி நேராக்கப் பார்த்திருக்கிறார்கள். முதுகு வலிதான் கூடியிருக்கிறது. சார் பலகைத் துண்டை வலது குதிகாலுக்கு அடியில் வைத்தார். மனிதர் ஆணி அடித்த மாதிரி நேராக இறங்கினார். பல வருடத்துக்கு முன்னால் படிக்கட்டில் விழுந்து வலது கணுக்காலில் கட்டுப் போட்டிருந்ததும், அதற்குப் பிறகு அந்தக் கணுக்கால் முழுதாக மடங்காததும் அப்போதுதான் வெளியே வந்தது. இன்னொருவர் ஆபீஸ் உத்தியோகம். இரண்டு விரற்கடை சாய்கிறார், வலி கிடையாது, மனைவி கண்டுபிடித்துக் கூட்டி வந்திருந்தார். எல்லாவற்றையும் பார்த்த சார், வலிக்காத கோணலைத் தொட வேண்டாம் என்று கணவன் மனைவி இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார்.

இவ்வளவும் தெரிந்த மனிதர் அவர். தெரிந்திருந்தும் செய்ததுதான் என்னால் ஜீரணிக்க முடியாதது. அவரைவிட எனக்கு என் மேல் கோபம் அதிகம். அதையும் சொல்கிறேன்.

நான் ஓய்வுபெறுவதற்குப் பத்து வருடத்துக்கு முன்னால் பாண்டிச்செல்வி வந்தாள். வயது இருபத்தொன்று. டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்து ஊர். பி.எஸ்சி. முடித்துவிட்டு போலீஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். ஓட்டமும் தாண்டுதலும் இருக்கிற உடற்தகுதித் தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. ஒரு பயிற்சி மையத்தில் காலையும் மாலையும் ஓடவிட்டிருக்கிறார்கள். ஓடி முடித்ததும் இருநூறு பஸ்கி. பழைய உடற்பயிற்சிக்காரர்கள் உட்கார்ந்து எழுவதற்கு வைத்த பெயர் அது. மூன்று வாரமாக வலது தொடை இடுக்கில் வலி. வலியோடு பஸ்கி எடுக்கும்போது உடம்பு இடது பக்கம் ஒதுங்கியிருக்கிறது. மாஸ்டர் என்று அவர்கள் கூப்பிடுகிற பயிற்சியாளர், பிரம்பால் இடது இடுப்பில் தட்டித் தட்டி, நேராக எடு என்று இன்னும் ஐம்பது சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.

எங்கள் மருத்துவமனை எலும்பு டாக்டர் அவளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு எங்களுக்குச் சீட்டு எழுதி அனுப்பியிருந்தார். எக்ஸ்ரே இயல்பு, தொடைத் தசைப் பிடிப்பு, வலுவூட்டும் பயிற்சி தரவும், ஸ்குவாட்டைச் சமப்படுத்தவும். இவ்வளவுதான் சீட்டு.

கூட அவள் அப்பா ராமர் வந்திருந்தார். மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற விவசாயி. அவர்கள் குடும்பத்தில் அரசாங்க வேலைக்குப் பக்கத்தில் போனதே இவள்தான். பிள்ளை வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லியே வீணாய்ப் போய்விடுவாள் என்று அவருக்குப் பயம். நன்றாக நேராக்கிவிடுங்கள் என்று என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

பெண் நோயாளி என்பதால் நான்தான் பார்த்தேன். நூலுக்கு முன்னால் நிறுத்திப் பொட்டு வைத்தேன். பொட்டு இரண்டும் இடது பக்கம் மூன்று விரற்கடை போயின. பலகை வைத்தேன், மாற்றமில்லை. கம்பியைப் பிடிக்கச் சொன்னேன், மாற்றமில்லை. கால் இரண்டும் ஒரே நீளம். படுக்கவைத்து வலது இடுப்பை உள்பக்கம் திருப்பியபோது பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தைப் பிடித்தாள். வலது காலில் மட்டும் ஒரு குதி குதிக்கச் சொன்னேன். காலைத் தூக்கினாள், நின்றாள், என்னைப் பார்த்தாள். முடியவில்லை என்று தலையை ஆட்டினாள். முதலில் ஓடும்போது மட்டும் இருந்த வலி, இப்போது பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வருவதற்குள் வந்துவிடுகிறது என்றாள்.

தொடை எலும்பின் மேல் நுனியில் ஒரு பந்து உண்டு; இடுப்புக் கிண்ணத்துக்குள் அது உட்கார்ந்திருக்கும். பந்தையும் எலும்பையும் சேர்க்கிற இடம் கழுத்து மாதிரி ஒடுங்கியிருக்கும். ஓய்வில்லாமல் ஓடவிட்டால் அந்தக் கழுத்தில் மயிரிழைக் கீறல் விழலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. ஸ்கேனில்தான் தெரியும். கீறல் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தாலே அந்தக் காலை ஊன்றக்கூடாது. இது பெரிய ரகசியமெல்லாம் இல்லை. நாங்கள் படித்த பாடம்.

நேராகத் தங்கராஜ் சாரிடம் போனேன். குதிக்க முடியவில்லை, உள்பக்கம் திருப்ப முடியவில்லை, எனக்கு எலும்பின் மேல் சந்தேகமாக இருக்கிறது, ஸ்கேன் எடுக்கச் சொல்லிச் சீட்டைத் திருப்பி அனுப்பலாம் என்றேன். அவர் எழுந்து வந்து அவள் நடப்பதை ஒருமுறை பார்த்தார். திரும்பிப் போய்த் தன் ஸ்டூலில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் சாக்பீஸை உருட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த முகத்தை இருபது வருடத்துக்கு மேல் பார்த்தவள் நான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் வேறொரு நோயாளியின் சீட்டில் அவர் ஒரு குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார். அதற்கு அந்த எலும்பு டாக்டர் எங்கள் பகுதிக்கே வந்து, நோயாளிகள் எல்லாரும் பார்க்க, நீ டாக்டரா நான் டாக்டரா என்று கத்திவிட்டுப் போனார். அதிலிருந்து சார் யாருக்கும் எதுவும் எழுதுவதில்லை.

“எக்ஸ்ரேல ஒண்ணுமில்லன்னு அவரே எழுதியிருக்காரு விஜயா. பத்து நாள் பாப்போம். குறையலைன்னா நானே போய்ச் சொல்றேன்” என்றார்.

நான் சரியென்றேன்.

இந்த இடத்தில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. எனக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு. சின்னப் பிள்ளை கிடையாது. அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, வேறு மருத்துவமனைக்குப் போய் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள் என்று காதில் சொல்லியிருக்கலாம். டாக்டர் அறைக்கு நானே போயிருக்கலாம், கத்தினால் கத்தட்டும். ஒரு ஊன்றுகோலாவது கொடுத்திருக்கலாம். எதையும் செய்யவில்லை. தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு மறுநாள் காலை பயிற்சியை ஆரம்பித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பகுதிக்கு ஆளுயரக் கண்ணாடி புதிதாக வந்திருந்தது. நடுவில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தோம். அந்த டேப்பில் மூக்கும் தொப்புளும் விழுகிற மாதிரி இறங்க வேண்டும். முதல் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. அப்புறம் பாதி இறங்குவது. அப்புறம் முழுதாக. பாண்டிச்செல்வி சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். வலியை மறைத்துக்கொண்டு டேப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். மாஸ்டர் தினமும் அவளுக்குப் போன் செய்து எப்போது வருகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆறாம் நாள் சாய்வு ஒரு விரற்கடையாகக் குறைந்தது. குறிப்பேட்டில் முன்னேற்றம் என்று எழுதினேன். அந்தச் சொல்லை இன்றைக்கும் என்னால் நிம்மதியாக எழுத முடியவில்லை.

ஒன்பதாம் நாள். கையில் மூன்று கிலோ டம்பெல் இரண்டு கொடுத்தேன். எடை ஏறியதும் பழையபடி இடது பக்கம் ஒதுங்கினாள். நான் அவள் பின்னால் நின்று, இடுப்பின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்தேன். அவள் இறங்க இறங்க வலது பக்கமாகத் தள்ளி நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தேன்.

“வலிக்குது மேடம்.”

“கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வா.”

வந்தாள். நான்காவது தடவை, கண்ணாடியில் மூக்கும் தொப்புளும் சரியாகச் சிவப்பு டேப்பில் இருந்தன. அந்த நேரத்தில் என் வலது உள்ளங்கைக்கு அடியில் ஏதோ விட்டுப்போனது. காதில் விழுந்ததைவிடக் கையில்தான் எனக்கு அது தெரிந்தது. அவள் அப்படியே சரிந்தாள். டம்பெல் ஒன்று உருண்டுபோய்ச் சுவரில் இடித்து நின்றது. தரையில் கிடந்த அவளுடைய வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. அந்தக் கால் இன்னொன்றைவிடக் குட்டையாகத் தெரிந்தது. புத்தகத்தில் போட்டிருக்கிற படம் மாதிரியே இருந்தது.

அந்த உடம்பு இடது பக்கம் ஒதுங்கியது கீறல் விழுந்த எலும்பின் மேல் பாரம் இறங்காமல் இருக்க. ஒன்பது நாள் அது தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நான்தான் அதைப் பிடித்து, பாரத்தைக் கொண்டுபோய்க் கீறல் மேலேயே வைத்தேன்.

அன்று சாயங்காலமே ஆபரேஷன். மூன்று திருகாணி போட்டார்கள். போட்டவர் அதே டாக்டர். வெளியே வந்து, சின்ன வயது, சேர்ந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அசம்பாவிதப் பதிவேட்டில் நடந்ததை எழுத வேண்டும். நான் எழுதினேன். இடுப்பை நடுக்கோட்டுக்குக் கொண்டுவர நான் கையால் அழுத்தம் கொடுத்துக்கொண்டிருந்தபோது என்று தொடங்கி ஒரு பக்கம். தங்கராஜ் சார் அதை இரண்டு தடவை படித்தார். தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புதுத் தாளில் அவர் கையெழுத்திலேயே எழுதினார். பயிற்சியின்போது நோயாளி கவனக்குறைவால் தரையில் கால் வழுக்கி விழுந்தார். கீழே ஒரு கோடு போட்டு என் பக்கம் நகர்த்தினார். இது எனக்காக மட்டும் இல்லை, இந்தப் பகுதியில் வேலை பார்க்கிற எட்டுப் பேருக்காகவும்தான் என்று மெதுவாகச் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கியது, கண்ணீர் விழுந்தது என்றெல்லாம் எழுதலாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. தெளிவாகப் போட்டேன்.

இரண்டாம் நாள் ராமர் என்னைத் தேடி வந்தார். பிள்ளை கவனமில்லாமல் நின்று உங்களுக்கும் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டாளே என்று வருத்தப்பட்டார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பரவாயில்லை என்றேன். அந்த மனிதரிடம் நான் பரவாயில்லை என்று சொன்னேன்.

உடற்தகுதித் தேர்வு நடந்த அன்று அவள் ஊன்றுகோலோடு எங்கள் வராந்தாவில் நடை பழகிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயிற்சி கொடுக்கிற பொறுப்பை பிரவீணாவிடம் தள்ளிவிட்டு, நான் வேறு அறையில் வேலை இருப்பதாகக் காட்டிக்கொண்டேன். பிறகு அவள் வருவது நின்றுவிட்டது.

ஒரு வருடம் கழித்து, பிரவீணா ஒரு எக்ஸ்ரே படத்தைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்தாள். எலும்புப் பந்துக்கு ரத்த ஓட்டம் போகாமல் அது ஒரு பக்கம் சப்பிப்போயிருந்தது. பெயரைப் பார்த்தேன். எலும்பு டாக்டர் அறை வாசலில் அவள் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது. பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாவிடம் ராமர் சொல்லிக்கொண்டிருந்தார்: அன்றைக்கு மட்டும் கொஞ்சம் பார்த்து நின்றிருந்தால் இன்றைக்கு யூனிஃபார்ம் போட்டிருப்பாள், இப்படி வழுக்கி விழுந்து தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள் என்று. பாண்டிச்செல்வி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவள் உட்கார்ந்திருந்த விதமே சொன்னது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணியில் ராஜபாளையம் பஸ் ஏறி, டி. கல்லுப்பட்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் அவர்கள் ஊருக்குப் போனேன். போகிற வழியெல்லாம், ஆட்டோவிலிருந்து இறங்கித் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அம்மா, வாங்க டாக்டரம்மா என்று நாற்காலி எடுத்துப் போட்டார். நான் டாக்டர் இல்லை என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. காப்பி வந்தது. குடிக்காமல் கீழே வைத்துவிட்டு, ராமரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன்.

அவள் வழுக்கவில்லை என்றேன். எலும்பில் கீறல் இருக்கலாம் என்று எனக்கு முதல் நாளே சந்தேகம் வந்தது, அதைச் சொல்லாமல் ஒன்பது நாள் பயிற்சி கொடுத்தேன், கடைசி நாள் என் கையால் தள்ளும்போதுதான் முறிந்தது, வழுக்கியதாக எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டதும் நான்தான் என்றேன். சார் பெயரையும் டாக்டர் பெயரையும் சொன்னேன். ஆனால் கை என்னுடையது என்று இரண்டு தடவை சொன்னேன்.

பாண்டிச்செல்விதான் முதலில் பேசினாள்.

“எனக்குத் தெரியும் மேடம். நான் வழுக்கலன்னு எனக்குத் தெரியாதா? ஆனா அம்புட்டுப் பேரும் சொல்லச் சொல்ல, வழுக்கிட்டேனோன்னு எனக்கே வந்துருச்சு.”

ராமர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

“வலிக்குதுன்னு அன்னைக்குச் சொன்னியா?”

“சொன்னேன்.”

“யார்ட்டச் சொன்ன?”

“மாஸ்டர்ட்டச் சொன்னேன். டாக்டர்ட்டச் சொன்னேன். இந்த மேடத்துட்டச் சொன்னேன்.” அப்பா பக்கம் திரும்பினாள். “ஒங்ககிட்டயும் சொன்னேம்ப்பா.”

அவர் எழுந்து வாசலில் போய் நின்றார். தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் கிளம்பும்வரை உள்ளே வரவில்லை. பாண்டிச்செல்வி தடியை ஊன்றி எழுந்து வந்து, இப்போது சொன்னதையெல்லாம் எழுதித் தருவீர்களா என்று கேட்டாள். அங்கேயே அவளுடைய பழைய நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இன்னொரு பிரதியை மறுநாள் காலை நிர்வாகத்தில் கொடுத்தேன்.

விசாரணை நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்கள். எலும்பு டாக்டர், தான் எழுதிய சீட்டில் எடை தூக்கவைக்கச் சொல்லி இல்லையே என்றார். தங்கராஜ் சார் ஓய்வுபெற ஆறு மாதம் இருந்தது. முதல் நாள் நான் அவரிடம் வந்து சொன்னேனா என்று கேட்டார்கள். ஒரு நோயாளியின் பொட்டு எத்தனை விரற்கடை விலகியது என்பதைப் பத்து வருடம் கழித்தும் சொல்லக்கூடிய அந்த மனிதர், எனக்கு ஞாபகமில்லை என்றார். கோபத்தில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவரிடம் அதற்குப் பிறகு நான் பேசவில்லை. அவர் இறந்தபோது போனேன், மாலை போட்டேன், அப்போதும் கோபம் போகவில்லை.

எனக்கு மெமோ கொடுத்தார்கள். நெஞ்சுச் சளிக்காரர்களுக்கு மூச்சுப் பயிற்சி கொடுக்கிற வார்டுக்கு மாற்றினார்கள். ஓய்வுபெறும்வரை அங்கேதான் இருந்தேன். டாக்டரை யாரும் எதுவும் கேட்கவில்லை. மாஸ்டர் இன்றைக்கும் பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டிருக்கிறார். வார்டுக்குப் போவதற்கு முந்தின நாள், ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணாடி மேலேயே ஒட்டினேன். தொடை இடுக்கில் வலி இருந்து, ஒற்றைக் காலில் குதிக்க முடியாவிட்டால், ஸ்குவாட் செய்யவைக்கக்கூடாது, காலை ஊன்றவிடக்கூடாது, சீட்டு யார் எழுதியதாக இருந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டும். கிழித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பிரவீணா காவல் காத்தாள். இரண்டு வருடத்துக்குள் இரண்டு பெண்களை அந்த அட்டையைக் காட்டி ஸ்கேனுக்கு அனுப்பினாள். அதில் ஒருத்திக்குக் கீறல் இருந்தது. ஆறு வாரம் ஊன்றாமல் இருந்து, பிறகு மெல்ல மெல்ல ஊன்றி, எழுந்து நடந்து வீட்டுக்குப் போனாள். தனக்கு என்ன நடக்காமல் போனது என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது.

பிரவீணாவின் கிளினிக்கில் இருக்கிற பிள்ளைகளே, உங்கள் போன் மேல் எனக்குப் பகையில்லை. எங்களிடம் நூலும் குண்டும் இருந்தன, கண்ணாடி இருந்தது, உங்களிடம் போன் இருக்கிறது. சாய்வை எது வேண்டுமானாலும் காட்டட்டும். வலிக்கிறது என்று ஒருத்தி சொல்லும்போது, கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும் என்று சொல்கிற வாய் உங்களுக்கு இருக்கக்கூடாது. அந்த வாய் எனக்கு இருந்தது. அதற்குத்தான் அன்றைக்கு அவ்வளவு கத்தினேன்.

பாண்டிச்செல்விக்கு இருபத்தைந்து வயதில் இடுப்பு மூட்டை மாற்றினார்கள். அந்த வயதில் மாற்றியது ஆயுசுக்கும் வராது. இன்னொரு தடவை மாற்ற வேண்டிவரும். அவளுக்கும் அது தெரியும். இப்போது டி. கல்லுப்பட்டியில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கல்யாணம் ஆனது. பத்திரிகை அனுப்பினாள், போனேன். ராமர் பந்தியில் எனக்கு அவர் கையாலேயே பரிமாறினார், ஒன்றும் பேசவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை அவளுக்குப் போன் செய்வேன். எடுப்பாள். எப்படி இருக்கிறது என்று கேட்பேன். மழைக்காலத்தில் வலிக்கிறது என்றோ, இப்போது படி ஏறுகிறேன் என்றோ உள்ளதைச் சொல்வாள். நான் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்பேன். மன்னித்துவிட்டேன் என்று இதுவரை அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.